ஊசி போட்ட ரத்தம், ஊசி போடாத ரத்தம்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 33. கல்லூரியில் என்.எஸ்.எஸ். முகாமில் முதன்முதலாக ரத்தம் கொடுத்தேன். இதுவரை 27 முறை ஆகிறது. ஓ நெகட்டிவ் என்பதால் நடுராத்திரியில் போன் வந்தாலும் கிளம்பிவிடுவேன். நண்பர்கள் சேர்ந்து ரத்ததானத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் நடத்துகிறோம். சமீபத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டுநராகச் சேர்ந்தேன். ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்று தவணை போட்டே ஆகவேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என் ரத்தத்தைப் பரிசோதிக்கிறார்கள், ஒரு குறையும் வந்ததில்லை. சுத்தமாக இருக்கிற ரத்தத்தில் எதற்கு மருந்தை ஏற்ற வேண்டும்? கொரோனா ஊசியே வேலைக்குக் கேட்டார்கள் என்றுதான் இரண்டு போட்டேன். விவேக் சார் இறந்ததிலிருந்து ஊசி என்றாலே உள்ளுக்குள் ஒரு பயம். போன மாதம் ஒரு நோயாளியின் வீட்டார், ‘கொரோனா ஊசி போடாத ஆள் யாராவது இருந்தால் அனுப்புங்கள்’ என்று கேட்டார்கள். மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. என் ரத்தம் கெட்டுவிட்டதா? ஊசி போட்டால் எத்தனை நாள் கொடுக்கக் கூடாது? இன்னொன்று: எங்கள் குழுவில் ஒரு தம்பியை மூன்று வாரத்துக்கு முன் தெருநாய் கடித்தது. ஊசி போட்டால் ஒரு வருடம் ரத்தம் கொடுக்க முடியாதாமே என்று, காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறான். அவன் செய்தது சரியா?

– பெயர் வேண்டாம், திருச்செங்கோடு

பதில்:

தம்பி, கடைசி வரியில் எழுதியிருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதைப் படித்தவுடன் அந்தத் தம்பிக்குப் போன் செய்யுங்கள். இன்றைக்கே, வேலை இருந்தாலும் விட்டுவிட்டு, பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அவர் போக வேண்டும். முடிந்தால் நீங்களே உடன் போங்கள்.

மூன்று வாரம் ஆகிவிட்டதே, இனி போட்டு என்ன பயன் என்று அவர் நினைக்கலாம். பயன் உண்டு. வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) பெரும்பாலும் கடிபட்ட ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள்தான் தலைகாட்டும். சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அறிகுறி தொடங்குவதற்கு முன் எப்போது போட்டாலும் ஊசிக்கு வேலை இருக்கிறது. தொடங்கிய பிறகு எந்த மருந்துக்கும் வேலை இல்லை. அந்த நோய் வந்து பிழைத்தவர்களை உலகம் முழுக்கத் தேடினாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். முதல் நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று தோலுக்குள் போடுவார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புரதம்) என்ற இன்னொரு மருந்தும் போட வேண்டும். தாமதமாகப் போனவர்களுக்கும் அது உண்டு. அடுத்து யாரையாவது நாய் கடித்தால் மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் காயத்தில் படக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

அந்த ‘ஒரு வருடம்’ என்ற கணக்கு உண்மைதான். தேசிய ரத்தமாற்றுக் குழுமம் 2017-இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு நெறிமுறையில், விலங்கு கடித்து ரேபிஸ் ஊசி போட்டவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் தம்பி அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டுவிட்டார். ரேபிஸ் ஊசியில் இருப்பது செத்த கிருமி. அது ரத்தத்தில் எதையும் கொண்டுபோய்விடாது. நாயின் எச்சில் உடம்புக்குள் போயிருக்கிறதே, அதற்குத்தான் அந்த ஓராண்டு. ஆகவே ஊசி போடாமல் இருப்பதால் அவர் ரத்தம் கொடுக்கத் தகுதியானவராக ஆகிவிடவில்லை. கடிபட்டவர், அதிலும் ஊசி போடாதவர் என்று தெரிந்தால் எந்த ரத்த மையமும் அவரைப் படுக்கையில் படுக்க வைக்காது. முகாம் படிவத்தில் அதை மறைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஓராண்டில் தவறும் நான்கு கொடைகள் தவறட்டும்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

ஊசிக்குத் தயங்குகிறவர்கள் என்றால் படிக்காதவர்கள், வாட்ஸ்அப்பை நம்புகிறவர்கள் என்று ஒரு சித்திரம் இருக்கிறது. கொடையாளர்களின் தயக்கம் அந்த வகை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பவர் தன் உடம்பை ஒரு பொதுச் சொத்து மாதிரி பாதுகாக்கிறார். முகாமுக்கு முந்தைய வாரம் மாத்திரை போடமாட்டார், சிலர் மாதக்கணக்கில் கறிகூடத் தொடமாட்டார்கள் (அப்படி ஒதுக்கத் தேவையே இல்லை, இரும்புச்சத்துக்கு ஈரல் நல்லது). இந்தப் பொறுப்புணர்ச்சிதான் ‘என் ரத்தத்தில் எதுவும் கலந்துவிடக் கூடாது’ என்று ஊசியின் மேலும் திரும்புகிறது. பழியை முழுக்க உங்கள் மேல் போடவும் முடியாது. 2021-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு மார்ச் 5 அன்று தேசிய ரத்தமாற்றுக் குழுமம், கொரோனா ஊசியின் கடைசித் தவணைக்குப் பிறகு 28 நாள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்றது. மே 1 முதல் 18 வயதுக்காரர்களுக்கும் ஊசி என்று அறிவிப்பு வந்தது. கல்லூரிகள் மூடியிருந்தன, முகாம்கள் இல்லை, இருக்கிற இளைஞர்களும் ஊசிக்குப் போய்விட்டால் ரத்த வங்கி காலி. அதனால் நாடு முழுக்க ஒரே வேண்டுகோள்: ‘ஊசி போடும் முன் ரத்தம் கொடுங்கள்’. அந்த நேரத்துக்கு அது தேவையான வேண்டுகோள். மே மாதத்திலேயே 28 நாள் 14 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆனால் குறைத்த செய்தி சுவரொட்டிக்கு வரவில்லை. ‘ஊசிக்கு முன் கொடு’ என்பது மட்டும் மனதில் தங்கி, ‘ஊசிக்குப் பின் கொடுத்தால் ஏதோ கெடுதல்’ என்று அர்த்தம் மாறிவிட்டது. ஏன் காத்திருக்கச் சொல்கிறோம் என்பதை ஒரு வரியில் அன்றைக்கே சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காரணம் இதுதான். ஊசிகள் இரண்டு வகை. தட்டம்மை–ரூபெல்லா, மஞ்சள் காய்ச்சல் போன்றவற்றில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி இருக்கிறது. அது சில நாள் உடம்பில் சிறிதளவு பெருகும். ஆரோக்கியமானவருக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் ரத்தம் ஏற்றிக்கொள்பவர் கீமோதெரபியில் இருக்கும் குழந்தையாக இருக்கலாம். அதனால் 28 நாள். டெட்டனஸ், ஃப்ளூ, நிமோனியா, ஊசியாகப் போடும் போலியோ, எச்.பி.வி. போன்றவற்றில் உயிருள்ள கிருமியே இல்லை. அவற்றுக்கு 14 நாள். உயிரில்லாத ஊசிக்கு எதற்கு 14 நாள் என்று கேட்பீர்கள். ஊசி போட்டு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால், அது ஊசியால் வந்ததா, டெங்குவால் வந்ததா என்று ரத்த மையத்து மருத்துவருக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம் தெளிவதற்கான அவகாசம் அது. உங்கள் ரத்தம் அசுத்தமாகி மறுபடி சுத்தமாவதற்கான அவகாசம் இல்லை. குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுத்த அப்பா காத்திருக்க வேண்டுமா என்று முகாமில் கேட்பார்கள். வேண்டாம், மருந்தை விழுங்கியது குழந்தைதான்.

‘ஊசி போடாத ரத்தம்’ கேட்ட வீட்டாருக்கு வருவோம். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். ஐ.சி.யூ. வாசலில் நிற்பவர்கள் எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்றுதான் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் கேட்ட சரக்கு சந்தையில் கிடையாது. பிறந்தவுடன் பி.சி.ஜி., பிறகு முத்தடுப்பு, போலியோ, தட்டம்மை, ஆணி குத்தினால் டி.டி. என்று வளர்ந்தவர்கள்தான் நம் ஊர்க் கொடையாளர்கள். அந்த வீட்டாரும் அப்படித்தான். ரத்தப் பையின் மேல் பிரிவு, எண், எடுத்த தேதி, காலாவதி தேதி, பரிசோதனை விவரம் இருக்கும். கொடையாளர் என்ன ஊசி போட்டார் என்பது இருக்காது, அதை வைத்து எந்த ரத்த மையமும் பைகளைப் பிரித்து அடுக்குவதும் இல்லை.

இந்தப் பயம் நம்மூரில் முளைத்ததும் அல்ல. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எம்.ஆர்.என்.ஏ. என்ற புதுவகைக் கொரோனா ஊசியைப் பற்றிக் கிளம்பிய வதந்தி, மொழி மாறி நம் போனுக்கு வந்திருக்கிறது. இங்கே போடப்பட்டவற்றில் மிகப் பெரும்பகுதி கோவிஷீல்டு, அடுத்தது கோவேக்சின். இரண்டும் எம்.ஆர்.என்.ஏ. ஊசியே இல்லை. அந்த வகை ஊசியாக இருந்தாலும் மருந்து சில நாளிலோ வாரத்திலோ சிதைந்து போய்விடும், மிஞ்சுவது கிருமியை எதிர்க்க உடம்பு தானே தயாரித்துக்கொண்ட எதிர்ப்புரதம் மட்டும்தான். அமெரிக்காவில் ரத்தம் கொடுத்தவர்களின் சுமார் 14 லட்சம் மாதிரிகளைச் சோதித்து ஓர் ஆய்வு வந்தது. 2020 ஜூலையில் நூற்றுக்கு மூன்றரை பேர் ரத்தத்தில் கொரோனா எதிர்ப்புரதம் இருந்தது. 2021 மே மாதம் நோயாலும் ஊசியாலும் சேர்த்து அது 83 ஆகிவிட்டது. அன்றிலிருந்து அங்கே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் பெரும்பாலோர் ஏற்றிக்கொண்டது ‘ஊசி போட்ட’ ரத்தத்தைத்தான். அதனால் ஒரு புது நோய் வந்ததாக எந்த ரத்தக் கண்காணிப்பிலும் தெரியவில்லை.

நியூசிலாந்தில் 2022 டிசம்பரில் இது நீதிமன்றம் வரை போனது. சில மாதக் குழந்தை ஒன்றுக்கு அவசரமாக இதய அறுவைச் சிகிச்சை. பெற்றோர் ஊசி போட்டவர்களின் ரத்தம் வேண்டாம், ஊசி போடாத கொடையாளர்களை நாங்களே தயாராக வைத்திருக்கிறோம் என்றார்கள். ஆக்லாந்து உயர் நீதிமன்றம் அந்தச் சிகிச்சை முடியும்வரை அது சம்பந்தமான பொறுப்பைப் பெற்றோரிடமிருந்து எடுத்து மருத்துவர்களிடம் கொடுத்தது. சிகிச்சை நல்லபடியாக நடந்தது. ஆனால் நாட்கள் வீணாயின. ரத்தம் தயாராக இருக்கும்போது ரத்தத்துக்காகக் காத்திருப்பதுதான் இந்த வதந்தியின் நிஜமான ஆபத்து.

அந்த வீட்டார் இன்னொன்றும் சொல்வார்கள்: ‘அப்படியானால் அண்ணன் தம்பி ரத்தத்தையே ஏற்றுங்கள், அதுதான் நம்பிக்கை’. அப்பா, மகன், உடன்பிறந்தார் ரத்தத்தை அப்படியே ஏற்றுவதில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கொடுத்தவரின் வெள்ளையணுக்களை ஏற்றிக்கொண்டவரின் உடம்பு அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிட, அவை உள்ளே பெருகி அந்த உடம்பையே தாக்கலாம். அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. அதனால் நெருங்கிய சொந்தக்காரர் ரத்தம் என்றால் அந்த அணுக்கள் பெருகாதபடி கதிர்வீச்சு செலுத்திய பிறகே ஏற்றுவார்கள். முன்பின் தெரியாத உங்களைப் போன்றவர் தானாக வந்து கொடுக்கும் ரத்தம்தான் நோயாளிக்குப் பத்திரமானது. அடுத்த முறை அப்படி யாராவது கேட்டால், ‘அப்படிப் பிரித்துத் தர ரத்த மையத்தால் முடியாது, நான் வருகிறேன், மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் நின்று வாதம் செய்ய வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நாய் கடித்த உங்கள் தம்பிக்குக் காயத்தைச் சுற்றிப் போடப் போகும் இம்யூனோகுளோபுலின் இரண்டு வகை. ஒன்று குதிரையிலிருந்து எடுப்பது. மற்றது மனிதர்களிடமிருந்து. அந்த மனிதர்கள் யார் தெரியுமா? ரேபிஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எதிர்ப்புரதம் நன்றாக ஏறிய பிறகு பிளாஸ்மா கொடுத்த கொடையாளர்கள். டெட்டனஸுக்கும், கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலை பி-க்கும் (ஹெபடைட்டிஸ் பி) உள்ள இம்யூனோகுளோபுலினும் அப்படித்தான் கிடைக்கிறது. ஹெபடைட்டிஸ் பி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த அன்றே போடுகிறோமே, அது ஊசி போட்ட யாரோ ஒருவரின் ரத்தத்திலிருந்து வந்தது. ஊசி போட்ட ரத்தத்தை மருத்துவம் தேடிப்பிடித்து மருந்தாக்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

எதிர்ப்புரதம் ஏற்றிக்கொண்டவரின் உடம்புக்குப் போவதால் ஒரே ஒரு இடத்தில் கவனம் தேவை. ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றிய குழந்தைக்கு உடனே தட்டம்மை ஊசி போட்டால், வந்து சேர்ந்த எதிர்ப்புரதம் அந்த ஊசியை வேலை செய்யவிடாது. ஏறக்குறைய ஆறு ஏழு மாதம் தள்ளிப் போடச் சொல்வோம். உங்கள் குழுவில் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா குழந்தைகளின் பெற்றோர் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

விவேக் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த அதிர்ச்சி எனக்கும் புரிகிறது. மக்களுக்குத் தைரியம் சொல்வதற்காக 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் கோவேக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார், 17-ஆம் தேதி விடிகாலை இறந்துவிட்டார். தமிழ்நாட்டில் ஊசி போடும் வேகம் ஏற்கெனவே மந்தமாக இருந்த சமயம். ‘ஊசி போட்டார், இறந்தார்’ என்ற இரண்டு செய்தியை அடுத்தடுத்துப் படித்த யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். சிகிச்சை அளித்த மருத்துவர்கள் இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்றார்கள். ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அந்த ஆண்டு அக்டோபரில், மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று முடிவு சொன்னது. அந்த முடிவு வந்ததை எத்தனை பேர் படித்தார்கள்? ஒரு குழாயில் அடைப்பு ஒரே நாளில் உருவாவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காகக் கொரோனா ஊசியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லமாட்டேன். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக ரத்தம் உறைந்து, தட்டணுக்கள் குறையும் ஒரு பாதிப்பு வந்தது உண்மை. அதை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா நிறுவனமே லண்டன் நீதிமன்ற ஆவணத்தில் ஒத்துக்கொண்டதாக 2024-இல் செய்தி வந்து, வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் கொதித்தன. மருத்துவ உலகத்துக்கு அது 2021-லேயே தெரியும். அது ஊசி போட்ட சில வாரங்களுக்குள், பெரும்பாலும் முதல் தவணைக்குப் பிறகு வருவது. நீங்கள் போட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. உங்களுக்கும் அந்த ஆபத்து கடந்துவிட்டது, உங்கள் பையிலிருந்து அது இன்னொருவருக்குப் போவதும் இல்லை.

இனி ஹெபடைட்டிஸ் பி. ‘ஒவ்வொரு முறையும் பரிசோதிக்கிறார்களே’ என்கிறீர்கள். அதில் இரண்டு சிக்கல். முதலாவது, அது நோயாளிக்கான பரிசோதனை, உங்களுக்கான காவல் அல்ல. எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். போன முறை இல்லை என்றால் போன முறை இல்லை, அவ்வளவுதான். இரண்டாவது, கிருமி உள்ளே போன புதிதில் சாதாரணப் பரிசோதனையில் அது பிடிபடாத ஒரு காலம் உண்டு. ஹெபடைட்டிஸ் பி-க்கு அது ஒரு மாதம்கூட நீளும். அந்த நாட்களில் நீங்கள் நல்ல மனதோடு கொடுக்கும் பை, பரிசோதனையைத் தாண்டிப் போய்விடலாம்.

நீங்கள் இப்போது ஓட்டுவது ஆம்புலன்ஸ். விபத்தில் கிடப்பவரைத் தூக்குவீர்கள், ஸ்ட்ரெச்சரைத் துடைப்பீர்கள், எங்கோ சொருகியிருக்கும் ஊசி கையில் குத்தும். இந்தக் கிருமி உலர்ந்த ரத்தக் கறையில் ஒரு வாரம் வரை உயிரோடு இருக்கக்கூடியது. கிருமி உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி.க்கு நூற்றுக்கு 0.3, ஹெபடைட்டிஸ் சி-க்கு 3, ஹெபடைட்டிஸ் பி-க்கு 30 வரை என்பது மருத்துவமனைகளில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் கணக்கு. நாம் அதிகம் பயப்படுவது முதலாவதற்கு. இந்தியாவில் 2022-இல் ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 3 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தனக்கு இருப்பதே தெரியாது.

சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று அம்மா சொல்லியிருப்பார்கள். அந்தப் பட்டியலில் இது இருந்திருக்க வாய்ப்பில்லை. குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி சில இடங்களில் 2002-இல் சோதனையாகத் தொடங்கி, நாடு முழுக்க வந்ததே 2011-இல். முப்பது வயதைத் தாண்டிய கொடையாளர்களில், தனியார் மருத்துவரிடம் காசு கொடுத்துப் போட்டவர்களைத் தவிர, பெரும்பாலோர் பாதுகாப்பில்லாமல்தான் இருக்கிறார்கள். ரத்த மையத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மிகவும் சங்கடமான வேலை, வருடக்கணக்காகக் கொடுத்துவந்த ஒருவரைக் கூப்பிட்டு, ‘இந்த முறை ஹெபடைட்டிஸ் பி வந்திருக்கிறது, இனி நீங்கள் கொடுக்க முடியாது’ என்று சொல்வது. அது 14 நாள் விலக்கோ ஒரு வருட விலக்கோ அல்ல, வாழ்நாள் விலக்கு. மூன்று ஊசியில் தடுத்திருக்கக்கூடிய ஒன்று. உங்களைப் போன்ற ஓ நெகட்டிவ்காரர் ஒருவரை அப்படி இழந்தால், அந்த வட்டாரத்துக்கே இழப்பு.

நாள் கணக்கில் இந்த ஊசிக்கு மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கள் பரிசோதனை தேடுவது கிருமியின் மேல்சட்டையாக இருக்கும் ஒரு புரதத்தை. ஊசியில் இருப்பதும் அதே சட்டைதான், உள்ளே ஆள் இல்லை. ஊசி போட்ட புதிதில் ரத்தம் கொடுத்தால், பரிசோதனை சட்டையைப் பார்த்து ‘ஆள் இருக்கிறான்’ என்று சொல்லிவிடும். பை வீணாகும், உங்கள் பெயருக்கு எதிரே தேவையில்லாத ஒரு குறிப்பு ஏறும், உறுதி செய்யும் வரை உங்களுக்குத் தூக்கம் போகும். சில வாரத்தில் அந்தப் புரதம் மறைந்துவிடும். அதனால் இந்த ஊசிக்குப் பிறகு நான்கு வாரம் விட்டுவிட்டு வரச் சொல்வது என் வழக்கம். உங்கள் ரத்த மையத்தில் என்ன கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் திட்டமிட்டால் ஒரு கொடைகூடத் தவறாது. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். ஊசி 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் வரும். ஜனவரி 5 அன்று ரத்தம் கொடுங்கள். 8-ஆம் தேதி முதல் ஊசி, பிப்ரவரி 8 இரண்டாவது. அடுத்த கொடைக்கு எப்படியும் ஏப்ரல் 6 ஆகிவிடும், அதற்குள் ஊசி போட்டு எட்டு வாரம் கடந்திருக்கும். அடுத்தது ஜூலை 6 கொடை, 8-ஆம் தேதி மூன்றாவது ஊசி. மூன்று முறையும் ‘கொடுத்துவிட்டு ஊசி’ என்பதுதான் வரிசை. ரத்தம் கொடுத்த அன்றே போட்டுக்கொள்வதில் தவறில்லை என்றாலும், தலைசுற்றினால் எதனால் என்று தெரிய ஓரிரு நாள் இடைவெளி விடுவது எனக்குப் பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்தவுடனே ஊசி கேட்கிறார்கள், கொடைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள், கொடையைத் தள்ளிவையுங்கள். மூன்றாவது ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதத்தில் எதிர்ப்புரத அளவு பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கையில் 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும், ஆரோக்கியமானவருக்கு அதன் பிறகு பூஸ்டர் தேவைப்படாது. ஊசி போட்ட விவரமும் இந்த அளவும் உள்ள அட்டையைப் பத்திரமாக வையுங்கள், கையில் எப்போதாவது ஊசி குத்தினால் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

முகாமில் படிவம் கொடுக்கும்போது ‘சமீபத்தில் ஊசி போட்டீர்களா’ என்ற கட்டத்தைப் பார்க்காமலே ‘இல்லை’ என்று டிக் அடிப்பவர்கள் நிறையப் பேர். உங்கள் குழுவில் இதை மட்டும் சொல்லிவையுங்கள்: ஊசியின் பெயரும் தேதியும் போனில் இருக்கட்டும், ரத்த மையத்து ஆலோசகரிடம் காட்டட்டும். ஊசி போட்டதை மறந்து கொடுத்துவிட்டாலோ, கொடுத்துவிட்டு வந்து காய்ச்சல் கண்டாலோ வெட்கப்படாமல் ரத்த மையத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். யாரும் திட்டமாட்டார்கள். அந்தப் பையை எடுத்துத் தனியே வைத்துவிடுவார்கள். சிவப்பணுப் பை 42 நாள் வரை இருக்கும் என்பதால் அதைப் பிடித்துவிடலாம். தட்டணுப் பையின் ஆயுள் 5 நாள்தான், டெங்கு சீசனில் மறுநாளே யாருக்காவது ஏறிவிடும். அதனால் அன்றைக்கே கூப்பிட வேண்டும்.